தில்லையம்பலத்தின் கார் மட்டும் போகவில்லை

ஏப்ரல் இரண்டாம் கிழமை, ஆற்றில் பனிக்கட்டி உடைந்து ஓடத் தொடங்கிய மூன்றாம் நாள், அந்தப் புல்வெளி நகரத்தின் கார்கள் காலை ஐந்தரைக்குத் தங்கள் தங்கள் வீட்டு வாசலிலிருந்து தாமாகவே பின்பக்கமாக இறங்கி, றோட்டுக்கு வந்து, சிவப்பு விளக்குக்கு நின்று, பச்சைக்கு நகர்ந்து, மேற்கே கடைசிப் பெற்றோல் நிலையத்தையும் தாண்டிப் போய், வேலியில்லாத பழைய புல்வெளியில் மான்களுக்கு நடுவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஏழரைக்குள் வீடு திரும்பின. ஏன் போயின என்று கேட்டவர்கள் ஒரு கிழமைதான் கேட்டார்கள். கேட்டு என்ன செய்வது? எட்டரைக்கு வேலை. ஏழரைக்குக் கார் வாசலில் நிற்கிறது. பிறகென்ன.

கனடாவின் நடுவில், காற்றை மறிக்க ஒரு குன்றுகூட இல்லாத ஊர் அது. குளிர்காலம் ஆறு மாதம். மைனஸ் முப்பதில் எஞ்சின் எண்ணெய் தார் மாதிரி இறுகிவிடும் என்பதால் ஒவ்வொரு காரின் மூக்கிலிருந்தும் ஒரு வயர் தொங்கும். கார் வீட்டில் நிற்கும்போதெல்லாம் அதை வீட்டுச் சுவரிலுள்ள பிளக்கில் மாட்டி வைப்பார்கள். எஞ்சினுக்குள் ஒரு சின்னச் சூடு இருந்துகொண்டேயிருக்கும். காலையில் கார் இருமாமல் எழும்பும். அந்த வருஷம் குளிர் போகிறேன் போகிறேன் என்று போகாமல் இழுத்தடித்து, ஒருநாள் திடீரென்று வெயில் எறித்தபோது, ஊர் முழுக்க ஒரே சனிக்கிழமையில் வயரைக் கழற்றிச் சுருட்டி வைத்தது. மறுநாள் ஞாயிறு கார்கள் போயின.

தில்லையம்பலம் மட்டும் கழற்றவில்லை. அவர் ஏப்ரலை நம்பமாட்டார்.

அவர் எதைத்தான் நம்பினார். முப்பத்தொரு வருஷம் மாநகரசபை பஸ் கராஜில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற மனிதர். ஒரு வண்டி நன்றாக ஓடினால் அதில் எங்கேயோ பிழை ஒளிந்திருக்கிறது என்பது அவர் தொழிலில் கற்றது. பால் பெட்டியில் திகதி பார்ப்பார், பிறகு மணந்தும் பார்ப்பார். காலநிலை சொல்லும் பெண் சிரித்தால் வானொலியை நிறுத்துவார். அவரிடம் எண்பத்திநாலாம் வருஷத்து எட்டு சிலிண்டர் கார் ஒன்று இருந்தது: மண்ணிறம், வள்ளம் மாதிரி நீளம், முன் சீற் சோபா போல ஒரே சீற். அதை அவரைத் தவிர ஒருவரும் ஓட்டியதில்லை. மனைவி தவமலர் தொண்ணூற்றிநாலில் ஒருமுறை ஓட்டப் பழக்கச் சொல்லிக் கேட்டார். கடைத் தரிப்பிடத்தில் கால் மணித்தியாலம் தில்லையம்பலம் பழக்கினார். தவமலர் ஒரு தள்ளுவண்டியில் இடித்தார். "போதும், இறங்கும்," என்றார் தில்லையம்பலம். அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷம் தவமலர் ஆஸ்பத்திரிக் குசினி வேலைக்கு, கணவர் திருத்திய பஸ்ஸில் போய் வந்தார்.

கார்கள் போகத் தொடங்கியதும் ஊர் தன்னை அதற்கேற்ப வளைத்துக்கொண்டது. பள்ளிக்கூடங்கள் ஒன்பதரைக்கு மாறின. வானொலியில், "இப்போது பாலத்தைக் கடக்கின்றன, நடந்து போகிறவர்கள் கவனம்," என்று ஒரு குரல் தினமும் சொன்னது. மாநகரசபை மேற்கு றோட்டில் ஒரு மஞ்சள் கோடு போட்டு, சாரதி இல்லாத கார் ஒன்றின் படத்தையும் வரைந்துவிட்டது. வனவிலங்கு அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து மான்களை எண்ணினார்கள். பிறகு, வந்ததுதான் வந்தோம் என்று, கார்களையும் எண்ணினார்கள். சனம் மடக்குக் கதிரையும் தூரக்கண்ணாடியும் கோப்பிப் போத்தலுமாகச் சைக்கிளில் புல்வெளிக்குப் போய்க் கார் பார்த்தது. முன்பு பறவை பார்த்த ஆட்கள்தான். சத்தம் போடுவதற்கென்றே குழாய் மாற்றிய கார்களை மான்கள் கிட்ட அண்டவிடவில்லை. அவை ஒரு மூலையில் வெட்கப்பட்டு நின்றன. மின்சாரக் கார்கள் சத்தமில்லாமல் பின்னால் வந்து மான்களைத் திடுக்கிட வைத்ததால் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்தன. பழைய கார் சங்கத்தின் தலைவர் டாரில், தில்லையம்பலத்தின் பக்கத்து வீட்டுக்காரர், தன் ஐம்பத்தேழாம் வருஷத்து நீலக் காரின் குரோமத்தில் மான் கொம்பு உரசிய கீறலைக் கண்டு முதல் நாள் அழுதார். நாலாம் நாள் அதை ஆட்களுக்குக் கூப்பிட்டுக் காட்டினார்.

அந்த மான்கள் பின்பக்கம் வெளுத்து, கொம்பு நுனி இரண்டாய்ப் பிளந்திருக்கும். தமிழ்ச் சனம் அவற்றை முள்ளுக்கரண்டி மான் என்றது. ஊரில் அறுபது தமிழ்க் குடும்பங்கள். பிள்ளையார் கோயில் ஐயர் விடியவே வாசலில் நின்று, போகிற கார்களுக்குக் கற்பூரம் காட்டினார். கார்கள் நிற்கவில்லை; ஆனால் கோயிலடியில் கொஞ்சம் மெதுவாகப் போயின. அது போதும் என்றார் ஐயர்.

மாநகரசபை பஸ்கள் போகவில்லை. தில்லையம்பலத்துக்கு அதில் ஆச்சரியமில்லை. அவை ஆள் ஏறினாலே ஒழுங்காகப் போவதில்லை.

ஆனால் அவருடைய காரும் போகவில்லையே. தெரு முழுக்க வெறுமையாகக் கிடக்க, ஒரு வாசலில் மட்டும் மண்ணிற வள்ளம் ஒன்று மூக்குவயரோடு நின்றது. சனம் பார்த்தது. சனத்துக்கு வேறென்ன வேலை. வைத்திருக்கிற மனிதரைப் பொறுத்துத்தான் கார் போகும் என்று ஒரு கதை எப்படியோ கிளம்பி, கோயில் மடப்பள்ளி வரைக்கும் வந்தது. கல்யாணம் பேசப் போன இடத்தில், "உங்கடை கார் போகுதோ?" என்று கேட்டார்களாம்.

"போகாத கார்தான் கார்," என்றார் தில்லையம்பலம். "சொன்னால்தான் போகவேணும். இல்லாட்டி அது மாடு."

"அப்ப உன்ரை காருக்கு ரோசம் இல்லையடா," என்றார் குலவீரசிங்கம்.

குலவீரசிங்கம் என்ற குலம்தான் அவருக்கு இருந்த ஒரே நண்பர். இரண்டு தெரு தள்ளி வீடு. குள்ளமான மனிதர், சந்தோஷமானவர், அந்த இரண்டையும் தில்லையம்பலம் பொறுத்துக்கொண்டார். இருபத்தேழு வருஷமாக மே மாதம் மீன்பிடி திறக்கிற முதல் சனிக்கிழமை இரண்டு பேரும் மண்ணிறக் காரில் வடக்கு ஏரிக்குப் போவார்கள். அன்று முழுக்க இருபது வசனம் பேசினால் அதிகம். அந்த ஒரு நாளுக்காகத்தான் தில்லையம்பலம் மீதி வருஷத்தைச் சகித்தார் என்று தவமலர் சொல்வதுண்டு. காருக்கு இன்னொரு திறப்பும் இருந்தது, மாற்றுச் சாவியாக. அது குலத்திடம் இருந்தது. ஆபத்து அந்தரத்துக்கு.

ஏப்ரல் முடிகிற கிழமை, ஒரு காலை எட்டு மணிக்குத் தில்லையம்பலம் காருக்குள் ஏறியபோது முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. சீற் அதன் தடத்தில் இரண்டு பல் முன்னால் தள்ளியிருந்தது. பின்பார்க்கும் கண்ணாடி கீழே குனிந்து, பின்சீற்றின் குஞ்சத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. மீற்றரைப் பார்த்தார். இருபத்திமூன்று கிலோமீற்றர் கூடியிருந்தது. புல்வெளிக்குப் போய்வரச் சரியாக இருபத்திமூன்று. சில்லில் ஈரமண்.

டாரில் வேலிக்கு மேலால் கை தட்டினார். "போயிட்டுது! வாழ்த்துக்கள், தில்லே!"

வேறு ஆளென்றால் சந்தோஷப்பட்டிருப்பான். தில்லையம்பலம் குனிந்து மூக்கைப் பார்த்தார். வயர் பிளக்கில் மாட்டியபடியே இருந்தது. அவர் மாட்டுகிற மாதிரியே, ஒரு சுற்றுச் சுற்றி.

கார் தானாகப் போகலாம். சரி, ஊரே சொல்கிறது. தானாகத் திரும்பி வரலாம். தன் கையால் பிளக்கை மாட்டுமோ?

அன்றிலிருந்து அவருக்கு வேறு யோசனை இல்லை. தினமும் இருபத்திமூன்று, தினமும் இரண்டு பல் முன்னால், தினமும் வயர் சுற்றி மாட்டியபடி. அவரோ இரவில் நித்திரைக் குளிசை போடுகிறவர், எட்டுக்கு முன் எழும்பமாட்டார், ஊரில் எல்லாருக்கும் அது தெரியும்; ஆகவே ஊரில் எல்லாரும் கள்ளன். டாரிலாக இருக்குமோ? டாரில் ஆறடி, சீற்றைப் பின்னால்தான் தள்ளுவான். ஐயரோ? ஐயர் குள்ளம்தான், ஆனால் கற்பூரத் தட்டோடு வாசலில் நிற்கிறார், அறுபது சாட்சி. வனவிலங்கு அலுவலகத்துப் பெண் ஒருத்தி இந்தக் காரைக் காட்டி ஏதோ எழுதினாளே? அவள் ஏன் சிரித்தாள்? எண்ணிப் பார்க்கப் பார்க்க ஆட்கள் உதிர்ந்து உதிர்ந்து கடைசியில் ஒருவர் மிஞ்சினார். குள்ளம். விடிய எழும்பி நடக்கிறவர். திறப்பு வைத்திருக்கிறவர். "உன்ரை காருக்கு ரோசம் இல்லையடா" என்று சொன்னவர்.

வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து சனம் செருப்புத் தேடுகிற நேரம், கோயில் வாசலில் வைத்துக் கேட்டார்.

"திறப்பைத் தா."

"எந்தத் திறப்பு?"

"என்ரை காரின்ரை. பத்து நாளா என்ரை காரைக் கொண்டுபோறாய். எனக்கு விளங்காதெண்டு நினைச்சியோ?"

குலத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. "விசரோடா உனக்கு? எனக்கெண்டு ஒரு கார் இருக்கு. அது தானாப் போய்த் தானா வருது."

"சீற் இரண்டு பல் முன்னுக்குத் தள்ளிக் கிடக்கு. ஆருக்குக் கால் எட்டாது? எனக்கோ?"

செருப்புத் தேடிய சனம் தேடுவதை நிறுத்தியது. குலம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தில்லையம்பலத்துக்குப் பின்னால், பிரசாதக் கிண்ணத்தோடு நின்ற தவமலரை ஒருமுறை பார்த்தார். வாயை மூடினார். தன் திறப்புக் கோத்திலிருந்து அந்த ஒன்றைக் கழற்றினார். நகம் வழுக்கியது, நேரம் எடுத்தது. தில்லையம்பலத்தின் கையில் வைத்தார்.

"இருபத்தேழு வருஷம்," என்றார். "ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்லை நீ."

"இப்ப கேக்கிறன்."

"கள்ளனோடை மீனுக்கு வராதை, என்ன."

வெறுங்காலோடு போய்விட்டார். செருப்பு இரண்டு நாள் கோயில் வாசலில் கிடந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் தில்லையம்பலம் மீற்றரைப் பார்த்தார். இருபத்திமூன்று கூடியிருந்தது. சீற் இரண்டு பல் முன்னால்.

வேறு ஆள் என்றால் அங்கேயே உடைந்துபோயிருப்பான். அவர், குலம் மூன்றாவது திறப்பு வெட்டி வைத்திருக்கிறான் என்று ஒரு கிழமை தன்னையே நம்பவைத்துப் பார்த்தார். முதன்முறையாக, தான் சொன்ன ஒன்றைத் தானே நம்ப முடியவில்லை. மீன்பிடி திறக்க ஒரு நாள் இருந்தது. தூண்டில்கள் கராஜ் சுவரில் தொங்கின. கூப்பிட ஆளில்லை.

அந்த வியாழன் இரவு அவர் குளிசை போடவில்லை. கள்ளன் வீட்டில் பிடிபடமாட்டான், போகிற இடத்தில்தான் பிடிபடுவான் என்று கணக்குப் போட்டு, வெள்ளி விடிய நாலே முக்காலுக்குப் பின்கதவால் இறங்கி, கார் பார்க்கிற சனத்துக்காக மாநகரசபை விட்டிருந்த ஐந்து மணி பஸ்ஸில் ஏறினார். பஸ் மேட்டில் இருமியது. "இன்ஜெக்டர்," என்று சாரதிக்குச் சொல்லிவிட்டு இறங்கினார்.

புல்வெளியில் சூரியன் அடிவானத்தில் ஒரு விரற்கடை எழும்பியிருந்தது. மடக்குக் கதிரைகள் வரிசையாக இருந்தன. யாரும் சத்தமாகப் பேசவில்லை. முதலில் பிக்கப் ட்ரக்குகள் வந்தன, பிறகு குடும்ப வான்கள், பிறகு டாரிலின் நீலம், அதன் பின்னால் குலத்தின் சின்னச் சாம்பல் கார், எப்போதும் போலக் கொஞ்சம் பிந்தி. ஒவ்வொன்றாகப் புல்லுக்குள் இறங்கி எஞ்சினை அணைத்து நின்றன. மான்கள் தலையை உயர்த்திப் பார்த்துவிட்டுத் திரும்பக் குனிந்தன. தரை அணில்கள் சில்லு இடுக்கில் ஏறி நின்று சுற்றிப் பார்த்தன. தில்லையம்பலம் டாரிலின் தூரக்கண்ணாடியைக் கேட்காமல் பறித்து, ஒவ்வொரு காராக உள்ளே பார்த்தார். வெறுமை. வெறுமை. குனிந்து ஒளிந்திருப்பார்களோ என்று சீற் இடைவெளியையும் பார்த்தார். வெறுமை. குலத்தின் காரில், முன்கண்ணாடிக்குக் கீழே, ஒரு சோடிச் செருப்பு மட்டும்.

கடைசியாக மண்ணிற வள்ளம் வந்தது. ஆளில்லாத கார் பார்க்க வந்த சனம் ஒன்றும் அதன் பக்கம் தூரக்கண்ணாடியைத் திருப்பவில்லை. சமிக்ஞை போட்டுத் திரும்பியது. ஸ்டியரிங்குக்கு மேலால் ஒரு சிவப்புக் கம்பளித் தொப்பி தெரிந்தது.

அந்தத் தொப்பியைப் பதினாறு குளிர்காலமாகத் தன் வீட்டுக் கதவுக் கொளுக்கியில் பார்த்திருக்கிறார்.

கார் மான்களுக்கு நடுவில் நின்றது. கண்ணாடி இறங்கியது. தவமலர் போத்தலைத் திறந்து மூடியில் தேத்தண்ணி ஊற்றினார். ஒரு மான் காரின் மூக்கில் கழுத்தைச் சொறிந்தது. அவர் அதை அவசரப்படுத்தவில்லை. தில்லையம்பலம் புல்லை மிதித்துக்கொண்டு போனார்; மான்கள் விலகி வழி விட்டன, வேண்டாவெறுப்பாக.

"எத்தினை நாளா?"

தவமலர் திடுக்கிடவில்லை. "பதினெட்டு."

"உமக்கு ஓட ஆர் பழக்கினது?"

"நீங்கள்தான். தொண்ணூற்றிநாலில. கால் மணித்தியாலம்." ஒரு மிடறு குடித்தார். "மிச்சத்தைக் குலமண்ணை பழக்கினவர். லைசென்ஸ் எடுத்துப் பதினாலு வருஷம். அவ்வளவு காலமும் இந்தக் காரை வேலிக் கதவடியில இருந்து பாத்துக்கொண்டுதான் இருந்தன்."

தில்லையம்பலம் காரின் கூரையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் அவனைக் கள்ளன் எண்டனான்."

"கேட்டனான். கோயில் முழுக்கக் கேட்டது."

"பிறகேன் நீர் வாய் திறக்கேல்லை?"

"நீங்கள் டாரிலைச் சந்தேகப்பட்டீங்கள். ஐயரைச் சந்தேகப்பட்டீங்கள். அந்த வனவிலங்குப் பிள்ளையையும் விடேல்லை. குலமண்ணையைச் சபையில வைச்சுக் கேட்டீங்கள்." மூடியிலிருந்த மிச்சத் தேத்தண்ணியைப் புல்லில் ஊற்றினார். "ஒரே வீட்டில இருக்கிறன். காலும் கட்டை. உங்கடை திறப்பும் என்ரை கைக்கெட்டத்தான் தொங்குது. என்னில ஒரு சந்தேகம் வரேல்லை உங்களுக்கு. நான் ஓடுவன் எண்டு உங்கடை மண்டைக்கு எட்டவேயில்லை. வரட்டும் எண்டு பாத்தன்."

தில்லையம்பலம் கூரையிலிருந்து கையை எடுத்தார்.

"ஏன் கொண்டுவந்தனீர்? சனம் என்னைச் சிரிச்சதுக்காகவோ?"

"முதல் நாள் உங்களுக்காக," என்றார் தவமலர். "மற்றப் பதினேழும் எனக்காக. ஏறுங்கோ. கறள் பிடிச்ச இரும்பு மாதிரி நிக்காதேங்கோ."

அவர் மறுபக்கம் சுற்றிப்போய், அந்தக் காரில் தான் ஒருநாளும் இருந்திராத பக்கத்தில் ஏறினார். அந்தப் பக்கக் கதவுக்கு எண்ணெய் போதாது என்பது அப்போதுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் தவமலர் வயரைக் கையில் எடுத்தார். "தாரும்," என்றார் தில்லையம்பலம். வாங்கினார். சுவரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மே மாதத்தை ஒருமுறை முறைத்தார். பிறகு அந்த வயரை முழங்கையில் சுற்றிச் சுருட்டி, ஆணியில் மாட்டினார்.

மறுநாள் சனிக்கிழமை காலை எட்டுக்கு மண்ணிறக் கார் குலத்தின் வாசலில் நின்றது. குலம் பனியனோடு வெளியே வந்தார். ஸ்டியரிங்கில் தவமலர் இருந்ததைப் பார்த்தார், பக்கத்தில் தில்லையம்பலம் இருந்ததைப் பார்த்தார். முகத்தை மாற்றாமல் வைத்திருக்கப் பாடுபட்டார்.

"என்ன, கள்ளனைப் பிடிச்சிட்டியோ?"

தில்லையம்பலம் இறங்கினார். "பிடிச்சிட்டன்."

"எங்கை?"

அவர் தாடையால் சாரதி சீற்றைக் காட்டினார். தவமலர் ஹோர்னை ஒருமுறை அமத்தினார். சட்டைப் பையிலிருந்து திறப்பை எடுத்து நீட்டினார் தில்லையம்பலம். குலம் வாங்கவில்லை.

"வாயால சொல்லு."

காற்று வீசியது. எங்கோ காட்டு வாத்துகள் வரிசையாகக் கத்திக்கொண்டு போயின. இருபத்தேழு வருஷத்தில் அவர் சொல்லாத ஒன்று அது, மனைவிக்கும் சொன்னதில்லை.

"பிழை விட்டிட்டன், குலம்."

"கோயில்ல வைச்சுக் கேட்டாய்."

"வெள்ளிக்கிழமை கோயில்லயும் சொல்லுறன்."

குலம் திறப்பை வாங்கித் தன் கோத்தில் மாட்டினார். நிதானமாக, ஒவ்வொரு வளையமாக. "முன் சீற் எனக்கு," என்றார். "கள்ளனுக்கு மரியாதை வேணும்."

ஆகவே தில்லையம்பலம் பின்சீற்றில் ஏறினார். இரண்டு பக்கமும் தூண்டில்கள், கால்மாட்டில் தூண்டில்புழுப் பெட்டி. ஊர் முடிந்தது. வடக்கு றோட்டு நேராக, ஒரு வளைவும் இல்லாமல், வானத்தின் அடிவரை போனது. முன்னால் இரண்டு பேரும் அவருக்கு விளங்காத பழைய பகிடி எதற்கோ சிரித்தார்கள். அவர் பின்னாலிருந்து தவமலரின் பிடரியைப் பார்த்தார், தோளைப் பார்த்தார், வேகமானியைப் பார்த்தார். தொண்ணூறு. கூடவுமில்லை, குறையவுமில்லை. எங்கேயோ பிழை இருக்கவேண்டும்.

"குலமண்ணை, தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?" என்றார் தவமலர்.

போத்தலை எடுத்தார். ஒரு கையால் பிடித்து, மற்றக் கையால் மூடியைத் திருகினார். ஊற்றினார். சிந்தாமல் நீட்டினார். குலம் அந்தப் பக்கம் திரும்பி வயலில் ஓடிய கொயோட்டி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்ததால் வாங்க நேரமெடுத்தது. அந்த நேரத்தில் ஏரிக்குத் திரும்புகிற சந்தி வந்தது. சமிக்ஞை விளக்கு டிக், டிக் என்று அடித்தது. வேகம் குறைந்தது. ஸ்டியரிங் தானாக, மெதுவாக, நல்ல சாரதி திருப்புகிற மாதிரி, வலப்பக்கம் சுற்றிக் கார் சரளைக்கல் றோட்டில் இறங்கியது.

தவமலரின் இரண்டு கைகளும் தேத்தண்ணியில் இருந்தன.

தில்லையம்பலம் பின்பார்க்கும் கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடியில் தவமலரின் கண்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. தவமலர் போத்தலை வைத்தார், கைகளை ஸ்டியரிங்கில் வைத்தார், றோட்டைப் பார்த்தார்.

தில்லையம்பலம் சீற் பெல்ற்றை இழுத்து மாட்டினார். புழுப் பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். ஏரி தெரிகிற வரைக்கும் ஒன்றும் கேட்கவில்லை.